கப்பலேறிப் பறவை பார்த்தவன்

வேறொருவர் நிரப்பித் தந்த படிவத்தை வாசிக்காமலே கையெழுத்து வைப்பதில் எங்கள் ஆட்களை வெல்ல ஒருவராலும் முடியாது. அகதியாக வந்திறங்கிய முதல் நாளிலேயே தொற்றிய பழக்கம் அது. மொழி தெரியாத காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. மொழி பிடிபட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. (வாசிக்கத் தொடங்கினால், எழுதித் தந்த மனுசனை நம்பவில்லை என்றாகிவிடும் பாருங்கோ.) நானும் அப்படியொரு தாளில் கையெழுத்து வைத்தேன். அதில் நான் ஒரு பறவை ஆர்வலன் என்று எழுதியிருந்தது.

எழுதியவர் அன்ட்ராக் அண்ணை. அன்ட்ராக் என்றால் ஜெர்மன் மொழியில் விண்ணப்பம். டோர்ட்மண்டில் எங்கள் வட்டாரத்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் அவருடைய சமையலறை மேசைக்குத்தான் போக வேண்டும். பெற்றோர் வைத்த பெயர் நடராசா. அது அவருடைய கடவுச்சீட்டில் மட்டும் இருந்தது. நான் வேலை தேடித் திரிந்த நாளில் என் வாழ்க்கைக் குறிப்பை அவரே தட்டச்சு செய்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

"பொழுதுபோக்கு என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை அண்ணை. வேலை, பிறகு நித்திரை."

"அதை எழுத ஏலாது. வெறுமையா விட்டாலும் அவங்களுக்குச் சந்தேகம் வரும். நீர் தேத்தண்ணியைக் குடியும், நான் பாக்கிறன்."

நான் தேநீரைக் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டார். வேலையும் கிடைத்தது.

கதவுப் பூட்டுகளும், கதவை நிலையில் மாட்டும் பிணைச்சல்களும் மொத்தமாக விற்கும் நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனம். பொதி கட்டி அனுப்பும் பகுதியில் எனக்கு ஒரு வருட ஒப்பந்தம். யூரோ புழக்கத்துக்கு வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. அந்த வருடத்தின் நடுவில் கொழும்புக்குப் போய்க் கலியாணம் கட்டி, மூன்று கிழமை மட்டும் தேவகியோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவளை இங்கே எடுப்பதற்கு வெளிநாட்டவர் அலுவலகம் கேட்டது முக்கியமாக ஒன்றைத்தான்: நிரந்தர வேலை. ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. அதை நிரந்தரமாக்குவதும் ஆக்காமல் விடுவதும் முதலாளியம்மா ஃப்ராவ் பிரிங்க்மனின் கையில் இருந்தது. நான் அந்த நாட்களில் அவர் தும்மினால்கூட என் ஒப்பந்தத்துக்கு ஏதும் ஆகுமோ என்று யோசிக்கிற நிலையில் இருந்தேன்.

ஒருநாள் அவர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கட்டை முடி, உரத்த குரல். மேசையில் என் கோப்பு விரிந்து கிடந்தது.

"ஹெர் சிவநாதன், இதை ஏன் இத்தனை நாள் சொல்லாமல் மறைத்தீர்கள்?"

யாருக்கோ பிணைச்சலை மாற்றி அனுப்பிவிட்டேன் என்று நினைத்து வியர்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் வாழ்க்கைக் குறிப்பிலிருந்து ஒரு வரியை வாசித்தார்: "'சிறுவயது முதலே கடற்பறவைகளின் மௌனமான வாழ்வு என்னை ஆட்கொண்டுள்ளது.'"

அந்த வரியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நல்ல வரி. ஃப்ராவ் பிரிங்க்மன் இருபது வருடமாகப் பறவைச் சங்கமொன்றில் இருப்பவராம். அடுத்த சனிக்கிழமை சங்கத்தார் எட்டுப் பேர் வடகடலில் இருக்கிற ஹெல்கோலாண்ட் தீவுக்குப் போகிறார்களாம். ஜெர்மனியில் கடற்பறவைகள் கூடு கட்டும் செங்குத்துப் பாறை அங்கு மட்டும்தான் உண்டாம். வாகனத்தில் ஓர் இடம் மிச்சம் இருக்கிறதாம்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கோப்பின் பக்கத்தில் ஒப்பந்தத் தாள் கையெழுத்தில்லாமல் கிடந்தது. நான் தேவகியை நினைத்தேன். மிக்க மகிழ்ச்சி என்றேன்.

நூலகத்தில் ஒரு பறவைப் புத்தகத்தை இரவல் எடுத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல நாற்பது பறவைகளைப் பாடமாக்கினேன். புத்தகத்தில் எல்லாப் பறவையும் இடப்பக்கம் பார்த்தபடி, ஆடாமல் அசையாமல், பக்க எண்ணோடு நின்றன. நான் தங்கியிருந்த வீடு கமலா அக்காவினுடையது. அக்காவுக்கு இந்தப் பயணம் கொஞ்சமும் விளங்கவில்லை.

"பறவை பாக்கவோ? அதுக்கேன் கடலுக்குப் போறாய்? பல்கனியிலை புறா நிக்குது."

"முதலாளி கூப்பிட்டவ அக்கா. போகாமல் விட ஏலாது."

"எத்தினை பேர்?"

"எட்டுப் பேர்."

"அப்ப நாப்பது றோல்ஸ் காணும். வெறுங்கையோடை போறதே?"

வெள்ளி பின்னேரமே ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரிக்கத் தொடங்கிவிட்டா. முதலாளியோடு போவதென்றபடியால் நான் என் கலியாண வரவேற்புக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட்டையும் கறுப்புத் தோல் சப்பாத்தையும் எடுத்து மினுக்கி வைத்தேன். மறுநாள் விடிய முன்னரே வாகனம் வந்தது. உள்ளே எட்டுப் பேரும் பச்சையும் மண்ணிறமுமாக மழைச்சட்டை போட்டு, முழங்கால் வரை இறப்பர் சப்பாத்து மாட்டியிருந்தார்கள். ஒருவரும் என் உடுப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அது ஜெர்மன்காரரின் நாகரிகம்.

கப்பலுக்கு நேரம் இருந்ததால் கரையோரச் சதுப்பு நிலத்தில் ஓரிடத்தில் நிறுத்தினார்கள். உப்புப் புல்வெளி, சேறு, நடுவே நீளமான இடைவெளிகள் விட்ட பலகைக் கொட்டில். உள்ளே இருந்து பார்த்தால் பறவைக்கு நம்மைத் தெரியாதாம். கொட்டிலுக்குப் போகும் முப்பது மீற்றரில் என் வலது சப்பாத்தைச் சேறு வாங்கிக்கொண்டது. நான் குனிந்து தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு, இதெல்லாம் வழக்கம் என்பதுபோல நடந்தேன்.

கொட்டிலுக்குள் ஒருவரும் பேசவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. நிஜப் பறவைகள் வலப்பக்கம் பார்த்தன, முதுகைக் காட்டின, தலையைச் சேற்றுக்குள் புதைத்தன. நான் பாடமாக்கிய நாற்பதில் ஒன்றையும் காணோம். சங்கத்தில் ஹெர் லூடர்ஸ் என்று ஒருவர் இருந்தார். வெதுப்பகத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஆளணிப் பகுதிக்குப் பொறுப்பானவர். அவர் ஒரு கடற்காக்கையைத் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த வயதில் இன்னதென்று சொல்வது கடினம்" என்றார். குஞ்சுப் பருவத்தில் எல்லா இனத்துக்கும் இறகின் நிறம் ஒன்றுபோல இருக்குமாம். அந்த வசனத்தை நான் உடனே பத்திரப்படுத்திக்கொண்டேன்.

ஃப்ராவ் பிரிங்க்மன் ஒரு பறவையைக் காட்டி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "இந்த வயதில் சொல்வது கடினம்" என்றேன். அவர் மரியாதையோடு தலையாட்டினார். இரண்டாம் முறையும் சொன்னேன், பலித்தது. மூன்றாம் முறை, தொலைவில் புல்லுக்குள் வெள்ளையாக அசைந்த ஒன்றைப் பற்றிக் கேட்டபோதும் அதையே சொன்னேன். ஹெர் லூடர்ஸ் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் பை. எட்டுப் பேரும் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று முடிவாகிவிட்டது. ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கப்பலில் ஏறியதும் தேவையில்லாமல் வாயைத் திறந்தேன். நான் வேலணைத் தீவில் பிறந்தவன், கடல் எனக்கு முற்றம் மாதிரி என்றேன். (வேலணைக்குப் பாலத்தால் பேருந்து ஓடுகிறது என்பதைச் சொல்லவில்லை.) வடகடல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கரை மறைந்து பத்து நிமிடத்தில் நான் கடதாசிப் பையும் கையுமாகக் கழிப்பறை வாசலில் குந்தியிருந்தேன். ஃப்ராவ் பிரிங்க்மன் வந்து இஞ்சி மிட்டாய் ஒன்று தந்தார். "அலை கொஞ்சம் வித்தியாசம்" என்று முனகினேன்.

ஹெல்கோலாண்டில் கப்பல் கரைக்கு வருவதில்லை. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மரப் படகுகள் வந்து ஆட்களை இறக்கும். இரண்டு படகோட்டிகள் என் கக்கத்தில் ஆளுக்கொரு கை கொடுத்து, பொதியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் படகில் வைத்தார்கள். நான் றோல்ஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி காற்றில் தொங்கினேன். பெட்டியை நாங்கள் தருகிறோம் என்று சொல்லியும் நான் விடவில்லையாம். எனக்கு அது நினைவில்லை.

தீவின் மறுகரையில் பாறை இருந்தது. முதலில் வந்தது மணம், கருவாட்டுக் கொட்டிலைத் திறந்ததுபோல. பிறகு சத்தம். செக்கச் சிவந்த பாறைச் சுவரில் இடுக்கு இடுக்காக ஆயிரக்கணக்கில் பறவைகள் நெருக்கியடித்து நின்று, ஒன்றையொன்று பேசவிடாமல் கத்தின. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக நின்றவை லும்மே என்றார்கள். மஞ்சள் தலையோடு வாத்தைவிடப் பெரிதாக வெள்ளைப் பறவைகள் எங்கள் முகத்துக்கு நேரே காற்றில் நின்றன. மௌனமான வாழ்வு என்று எழுதிய அன்ட்ராக் அண்ணை கடற்பறவையைக் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்பது அப்போது எனக்குத் தெளிவாகியது.

சங்கத்தார் வேலியோரம் வரிசையாக நின்று, கண்ணில் தொலைநோக்கியை வைத்தபடி சிலையாகிவிட்டார்கள். மணி இரண்டு. விடிய முன்னர் புறப்பட்டவர்கள், இன்னும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் விருந்தினரைப் பட்டினி போட்ட குற்றவாளிபோல உணர்ந்தேன். (ஆர் விருந்தாளி, ஆர் வீட்டுக்காரன் எண்டு அந்த நேரம் ஆர் யோசிச்சது?) வேலிப் பக்கத்தில் உட்காரப் போட்டிருந்த வாங்கில் பெட்டியைத் திறந்து, வெள்ளித்தாளை விரித்து, கடதாசிக் கைதுடைப்பான்களை அழகாக மடித்து வைத்தேன். ஃப்ராவ் பிரிங்க்மனின் கையில் ஒரு றோலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணை எடுக்காமல் வாங்கினார். என்ன வாங்கினோம் என்று அவர் பார்ப்பதற்குள் கடற்காக்கை ஒன்று பார்த்துவிட்டது.

அது அவர் விரலோடு சேர்த்துப் பிடித்தது. அவர் அலறினார். அந்த அலறல் மற்றக் கடற்காக்கைகளுக்கு அழைப்பாகப் போயிற்று. பதினைந்தோ இருபதோ ஒன்றாக வாங்கில் இறங்கின. நான் கோட்டைக் கழற்றிச் சுழற்றினேன். அவை கோட்டையும் சாப்பாடு என்றே எடுத்துக்கொண்டன. ஒன்று முழு றோலை விழுங்கிவிட்டு, அக்காவின் மிளகாய்த்தூள் வேலை செய்யத் தொடங்கியதுபோல, அலகைத் திறந்தபடி என்னையே உற்றுப் பார்த்தது. கடைசியில் வெள்ளித்தாள், மிச்ச றோல்ஸ், பெட்டி எல்லாமாக வேலிக்குக் கீழால் நழுவி, லும்மேக்கள் முட்டையோடு நின்ற இடுக்கில் போய் விழுந்தன. முப்பது நாற்பது பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன.

சங்கத்தார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செருப்புக் காலோடு மூலஸ்தானத்துக்குள் நுழைந்தவனை எங்கள் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. பறவைப் பாதுகாப்புப் பணியிலிருந்த இளம் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். ஃப்ராவ் பிரிங்க்மனை அவளுக்கு வருடக்கணக்காகத் தெரியும்.

"உங்கள் குழுவா? நீங்களா?" என்று நம்ப முடியாமல் கேட்டாள்.

"எங்கள் ஆள்தான்" என்றார் ஃப்ராவ் பிரிங்க்மன். விரலில் இரத்தம், முகமும் அதே நிறம். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒப்பந்தம்கூட மறந்துபோயிற்று. இருபது வருடமாக மரியாதையோடு வந்துபோன இடத்தில் அந்த மனுசியைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

ஹெர் லூடர்ஸ் நல்ல மனிதர். எனக்காகப் பேச வந்தார். "இவர் சிறுவயது முதலே பறவை ஆர்வலர். என்னவோ கவனப் பிசகு. சிறுவயது முதலே கடற்பறவைகளின் மௌனமான வாழ்வு..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். ஃப்ராவ் பிரிங்க்மன் அந்த வரியை அவருக்குப் பெருமையோடு சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு அது வேறெங்கோ தட்டுப்பட்டது.

"இந்த வரியை நான் என் அலுவலகத்திலும் வாசித்திருக்கிறேன்" என்றார் மெதுவாக. "இரண்டு முறை. ஹெர் கந்தையாவின் விண்ணப்பத்தில் ஒன்று. ஹெர் யோகராசாவின் விண்ணப்பத்தில் ஒன்று. இருவரும் உங்கள் நாட்டவர்."

நான் மறுக்கவில்லை. பறவைச் சத்தத்தில் உரக்கக் கத்தித்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு சமையலறை மேசை, ஒரு நல்ல மனிதர், வெறுமையாக விட முடியாத ஒரு கட்டம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டோர்ட்மண்டில் வேலை தேடிய எங்கள் ஆட்கள் பலரும் காகிதத்தில் கடற்பறவைக்கு வாக்கப்பட்டவர்கள்தான் என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

"அந்தத் தாளில் எது உண்மை?" என்று கேட்டார் ஃப்ராவ் பிரிங்க்மன்.

"பெயர் உண்மை. பிறந்த தேதி உண்மை. வேலை தேவை என்பது உண்மை."

அவர் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு நடந்தார். திரும்பும் கப்பலில் நான் மீண்டும் கடதாசிப் பையோடு குந்தியிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார். இந்த முறை இஞ்சி மிட்டாய் இல்லை. "திங்கட்கிழமை உங்கள் வாழ்க்கைக் குறிப்பை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு முழுவதும் இருந்து எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டேன். திங்கள் காலை அவர் அதை நின்றபடியே வாசித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, விரலில் கட்டோடு கையெழுத்து வைத்தார்.

"பதினொரு மாதத்தில் நீங்கள் ஒருவருக்கும் தவறான பிணைச்சலை அனுப்பவில்லை. அது எனக்கு எந்தத் தாளையும் வாசித்துத் தெரிய வந்ததல்ல" என்றார். நான் பொதிகளுக்கு நடுவில் போய் நின்று கொஞ்சம் அழுதேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் திருந்தியவன் என்ற பெயரோடு தப்பியிருப்பேன். ஆனால் அந்த ஞாயிறு மாலை தேவகிக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்வது எங்கள் குடும்ப வியாதி. கொட்டிலில் நான் சொன்ன பதில்கள், சங்கத்தார் சிரித்தது, கப்பல், படகு, பாறை என்று வர்ணித்து, றோல்ஸ் பெட்டியைத் திறக்கப்போன நேரத்தில் தொலைபேசி அட்டை முடிந்துவிட்டது. அடுத்த முறை பேசியபோது ஒப்பந்தம் கிடைத்த செய்தியைச் சொன்னேன். மீதிக் கதையைச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். புது மனைவி என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சில மாதம் கழித்து விசாவுக்கான விசாரணை வந்தது. கலியாணம் உண்மையானதுதானா என்று பார்ப்பதற்காக ஒரே நாளில் என்னை டோர்ட்மண்டிலும் அவளைக் கொழும்பிலும் இருத்தி ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். கலியாணத்தன்று என்ன சாப்பாடு, மாப்பிள்ளைத் தோழன் யார், கணவரின் பொழுதுபோக்கு என்ன. நான் இப்போது உண்மை விளம்பி. நெஞ்சை நிமிர்த்தி, "பொழுதுபோக்கு இல்லை" என்றேன். அவள் அங்கே என்ன சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"பறவை பாக்கிறவர் எண்டு சொன்னனான்" என்றாள் தொலைபேசியில். "எந்தப் பறவை எண்டு கேட்டவை. எனக்கென்ன தெரியும்? காகம் எண்டு சொன்னன்."

"காகமோ?"

"ஓம். கப்பலிலை போய்ப் பாக்கிறவர் எண்டும் சொன்னன்."

இரண்டு பதிலும் முரணாக இருப்பதால் மேலும் ஆராய வேண்டியுள்ளது என்று கடிதம் வந்தது. நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்னபோது வேலை கிடைத்தது. உண்மை சொன்னபோது மனைவி கிடைக்கவில்லை. யாரை நோவது? அவளாவது நான் சொன்னதை அப்படியே நம்பினாள். நான்தான் பாதியில் நிறுத்தினேன்.

அன்ட்ராக் அண்ணையிடம் போனால் இன்னொரு பொழுதுபோக்கு வந்துவிடும் என்று பயந்து, ஃப்ராவ் பிரிங்க்மனிடம் போனேன். முழுவதையும் கேட்டார். காகம் வந்த இடத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பிறகு உட்கார்ந்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஹெர் சிவநாதன் ஒருநாள் என்னோடு கப்பலில் சென்று பறவை பார்த்தார். ஆகவே அவருடைய மனைவி கூறியது பொய்யல்ல. பறவை பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு அல்ல. ஆகவே அவர் கூறியதும் பொய்யல்ல. இதற்கு என்னையும் சேர்த்து எட்டுப் பேர் சாட்சி."

தேவகி பனிக்காலத்தில் வந்து சேர்ந்தாள். கடிதத்தின் பிரதியை அவளிடம் கொடுத்து மீதிக் கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வாசித்து மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வந்த ஒரு கிழமையில் குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யாமல் போக, "எனக்கு இது திருத்தத் தெரியும்" என்று நான் திருகாணி முடுக்கியோடு குனிந்தேன்.

"எட்டுப் பேர் சாட்சி இருக்கோ?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எனக்கு ஏதும் தெரியும் என்று நான் வாயைத் திறந்தால், மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கமலா அக்கா கேட்பதில்லை. அந்த நாற்பது றோல்ஸில் ஒன்றையாவது ஒரு மனுசர் வாயில் வைத்தாரோ என்பதுதான் அவவுடைய கேள்வி.